கஸ்தூரியக்கா சாத்திய கதவு

நான் இருபத்தெட்டு வருஷம் மோட்டார் ஓட்டியவன். குமுளி மலைப்பாதையில் யானைக் கூட்டம் கடக்கும்வரை என்ஜினை அணைத்துவிட்டு மூச்சடக்கி உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளத்தில் பாலம் அடித்துப் போனதை, பாலம் முடிகிற இடத்தில் பிரேக்கை மிதித்தபடி பார்த்திருக்கிறேன். எதற்கும் நான் வாயைப் பிளந்ததில்லை. சின்ன வயசிலிருந்தே எனக்கு எதையும் லேசில் மெச்சுகிற சுபாவம் கிடையாது. அப்படிப்பட்ட என்னை ஒரு காலை நேரத்தில், கோகிலாபுரத்தில் ஒரு வீட்டு முன்னால், நின்ற இடத்திலேயே நிற்க வைத்தது ஒரு பஸ்ஸின் பின்கதவு. பஸ் அப்போது ஓடக்கூட இல்லை. கதவு மூடியது, அவ்வளவுதான். மூடினவள் கஸ்தூரியம்மாள். எனக்குக் கஸ்தூரியக்கா.

அக்கா பிறந்தது கோம்பையில், எங்கள் தெருவில். என்னைவிட நாலு வயசு மூத்தவள். அவளுடைய அய்யாவுக்கு மலையடிவாரத்தில் ஒரு கிணறும் இரண்டு குழித் தோட்டமும் இருந்தன. ஆண்பிள்ளை இல்லாத வீடு. அதனால் காளை கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலையை ஓட்டுவது அக்காதான். காளைகள் கிணற்று மேட்டிலிருந்து சரிவில் இறங்கும்போது வடக்கயிறு விறைக்கும். அந்தக் கயிற்றின் மேல் லாகவமாக ஏறி உட்கார்ந்துகொள்வாள். அவள் கனமும் சேர்ந்து இழுக்க, கிணற்றுக்குள்ளிருந்து தண்ணீர்ச் சால் சரசரவென்று மேலே வரும். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் சரிவில் இறங்குவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். எனக்கும் அந்தக் கயிற்றில் உட்கார வேண்டும்.

"ஒனக்குக் கனம் பத்தாதுலே. சால் ஒன்னயத் தூக்கிக் கெணத்துக்குள்ள போட்டுரும்" என்பாள்.

கடைசிவரை ஒருநாள்கூட என்னை உட்காரவிடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னமும் கொஞ்சம் இருக்கிறது.

பதினேழு வயசில் அக்காவைக் கோகிலாபுரத்து நல்லகண்ணுவுக்குக் கொடுத்தார்கள். ஆற்றுப் பாசன நெல் வயல், தென்னந்தோப்பு, வீட்டுக்குப் பின்னால் இரண்டு இலவமரம். நல்லகண்ணு மாமா வாட்டசாட்டமான ஆள். சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகத் தும்முவார். கல்யாணமான புதுசில் அக்கா அவரிடம் கேட்டாளாம், இந்த ஆற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்துகொண்டு வருகிறது என்கிறார்களே, அது வெளியே வந்து விழுகிற இடம் எப்படி இருக்கும் என்று. கோம்பைக்காரிக்குத் தண்ணீர் என்றால் கிணற்றிலிருந்து இழுத்து எடுப்பதுதான். தானாக மலையிலிருந்து இறங்கி வந்து வாசலில் நிற்கிற தண்ணீர் அவளுக்குப் பெரிய அதிசயம். "வார ஆனி மாசம் தண்ணி தொறக்கும்போது கூட்டிட்டுப் போறேன்" என்று மாமா வாக்குக் கொடுத்தார். அந்த ஆனியில் நடவு வேலை. அடுத்த ஆனியில் வேறு ஏதோ. ஆறு ஆனி அப்படிப் போயிற்று. அதற்கப்புறம் அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாளில் காய்ச்சல் விட்டது. போகும்போது இடுப்புக்குக் கீழே இருந்த தெம்பையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்புறம் கைதான் அவளுக்குக் கால். இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி, உடம்பைத் தூக்கி, பின்னால் ஒரு சாண் நகர்ந்து உட்காருவாள். மறுபடி ஊன்றுவாள். அடுக்களைக்கு, புழக்கடைக்கு, கூடத்துக்கு எல்லாம் அப்படித்தான். முன்னோக்கி நகர்ந்தால் முழங்கால் மடங்கிக்கொள்ளும், அதனால் எங்கே போனாலும் பின்பக்கமாகவே போவாள்.

வெளியே போகவேண்டும் என்றால் மாமா தூக்கிக்கொண்டு போவார். முகம் கோணமாட்டார். முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் நடந்தது. கம்பத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். மாட்டு வண்டியிலிருந்து அக்காவை மாமா இறக்கும்போது கால் வழுக்கியது. பக்கத்தில் நின்ற ஒரு பங்காளி ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தான். பிடித்தவன் சும்மா இருந்திருக்கலாம். "அம்மாடியோவ், ஒன்றரை மூடை நெல்லுல்ல கனக்குது" என்றான். பந்தலே சிரித்தது. கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை. அக்காவும் சிரித்தாள். சாப்பிட்டாள், மொய் எழுதினாள், வீட்டுக்கு வந்தாள். வந்தபின் மாமாவிடம் சொன்னாள்:

"இனிமே ஆரும் என்னயத் தூக்க வேணாம். நீங்களுந்தேன்."

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அவள் வாசலைத் தாண்டவில்லை. ஒன்பது வருஷம்! வீட்டுக்கு முன்னால் தேர் போனது, மாரியம்மன் போனது, அவளுடைய அய்யாவின் சாவுச் செய்திகூட அந்த வாசல்வரை வந்துதான் நின்றது. அதற்கும் அவள் போகவில்லை. உள்ளறையில் உட்கார்ந்து இலவம்பஞ்சைக் கொட்டை நீக்கித் தலையணை தைத்தாள். பாதி ஊர் அவள் தைத்த தலையணையில்தான் தூங்கியது. அவள் அறைக்கு யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வருவார்கள். மிளகாய் கேட்டு வருவார்கள், எருமை பால் மறுப்பதைச் சொல்ல வருவார்கள், வேலை இல்லாமலும் வருவார்கள். அறைக் கதவின் தாழ்ப்பாள் ஆள் உயரத்தில் இருந்தது. அவளுக்கு எட்டாது. ஒருதடவை நான் ஊர்ச் சேதி சொல்லப் போனபோது, அக்கா அவசரமாகச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாலே" என்றாள். அதில் ஏதோ இருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.

முப்பத்தாறாம் வருஷம் என்று நினைக்கிறேன். கூடலூர்ப் பக்கம் மாமா ஒரு காட்சி பார்த்தார். மலைத்தோட்டத்துத் துரை ஒருத்தர், லாரி மேல் ஒரு வீட்டையே கட்டி ஓட்டிக்கொண்டு வந்து, புளியமரத்தடியில் நிறுத்தி, உள்ளே பொண்டாட்டி பிள்ளைகளோடு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாராம். உள்ளே கட்டில், ஜன்னலுக்குச் சீலை, அடுப்பு, எல்லாம். மாமா அரை நாள் அந்த மரத்தடியிலேயே நின்றுவிட்டார். அடுத்த மாசமே லைனிலிருந்து கழித்துக்கட்டின பழைய பஸ் ஒன்றை வாங்கி வீட்டு முன்னால் நிறுத்தினார். ஓட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்ஜின் தேவலை மாமா. பாடி வெறகுக்குத்தேன் ஆகும்" என்றேன்.

"வெறகெல்லாம் நா பாத்துக்கிறேன். நீ ஓட்டு."

உட்காரும் பலகைகளைக் கழற்றி எறிந்தார். இரண்டு கட்டில் போட்டார். மண் அடுப்புக்குத் தகரப் பெட்டி செய்தார். ஜன்னலுக்குச் சீட்டித் துணி தொங்கவிட்டார். எல்லாம் யாருக்காக என்று ஊருக்கே தெரியும். ஆனி மாசம் தண்ணீர் திறக்கும்போது கஸ்தூரியை மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போய், அங்கேயே இரண்டு நாள் இருந்து சமைத்துச் சாப்பிட்டு வருவது. பழைய வாக்கு.

அவர் உள்ளே போய்ச் சொன்னபோது நானும் கூட இருந்தேன். அக்கா தலையணைக்கு ஊசி போட்டுக்கொண்டே கேட்டாள்: "எப்பிடி ஏறுறது?"

"நா தூக்கி..." என்று ஆரம்பித்து மாமா நிறுத்திக்கொண்டார்.

"நானா ஏறணும். ஏறி நானா கதவச் சாத்தணும். அது ஆச்சுன்னா வாரேன். ஆகலையா, அந்த வண்டியில வைக்கோல ஏத்துங்க. இன்னொரு வாட்டி இந்தப் பேச்சு வேணாம்."

அக்கா கோபமாகப் பேசினால் பயமில்லை. அப்படிச் சாதாரணமாகப் பேசினால்தான் பயம். அதற்கப்புறம் அதில் மாற்றம் இருக்காது. இந்த ஆனியில் போகாவிட்டால் அவள் எப்போதுமே போகமாட்டாள் என்று மாமாவுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

இதற்குள் பின்பக்கத்துக்குக் கதவு போடச் சொல்லிக் கர்ணன் ஆசாரியிடம் ஒப்படைத்திருந்தார் மாமா. ஆசாரி கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீட்டுக்கு நிலை வைத்தவர். பஸ்ஸுக்கு வைத்ததில்லை. வேலை முடிந்தது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். மனுஷன் பஸ்ஸின் முதுகில் அச்சு அசல் வீட்டு வாசலை வைத்திருந்தார்! தேக்கில் நிலை. உள்பக்கமாகத் திறக்கிற தேக்குக் கதவு. அடியில் நாலு விரல் உயரத்துக்கு வாசப்படி. அதில் குழி தோண்டி நவதானியம் வைத்து, மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, மாவிலை வேறு கட்டியிருந்தார்.

"யோவ் ஆசாரி, இது பஸ்ஸுய்யா. பஸ்ஸுக்கு எவனாச்சும் வாசப்படி வப்பானா?"

"கட்டுலு கெடக்கு, அடுப்பு கெடக்கு, பொம்பள இருக்கப் போறாக. அப்பறம் என்ன, வீடுதான? வாசப்படி இல்லாத வீட்டுக்கு நா உளி எடுக்கமாட்டேன்" என்றார் ஆசாரி. அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

பஸ்ஸின் தளமே தொடை உயரம். அதன் மேல் இந்த வாசப்படி. தரையிலிருந்து கையை ஊன்றி ஏறுகிறவளுக்கு அது மலை மேல் இன்னொரு மலை. வெட்டிப் போடுங்கள் என்றேன். நவதானியம் வைத்த வாசப்படியை வெட்டினால் வீட்டுக்காரிக்கு ஆகாது என்று ஆசாரி உளியைப் பைக்குள் போட்டுவிட்டார். மாமா எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் துண்டை உதறிக்கொண்டு நின்றார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. உள்ளங்கை தரையில் அறையும் சத்தம். அக்கா கூடத்தைத் தாண்டி, பின்பக்கமாகவே நகர்ந்து, வீட்டு வாசப்படிக்கு உள்பக்கம் வந்து திரும்பி உட்கார்ந்தாள். ஒன்பது வருஷத்தில் அவள் முகத்தில் நேர் வெயில் விழுந்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பஸ்ஸையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆசாரி, வாசப்படி எங்கன இருக்கணும்?"

"பூமியில இருக்கணும்த்தா."

"நீ வச்சது எங்கன இருக்கு?"

ஆசாரி பஸ்ஸைப் பார்த்தார். வாசப்படிக்கும் பூமிக்கும் நடுவில் அந்த வழியாக ஒரு கோழி போய்க்கொண்டிருந்தது.

"கதவ நிப்பாட்டி வைக்காத. கீல அடியில போடு. மேலருந்து வெளிய சாயட்டும். முழுக் கதவும் சரிஞ்சு தெருவுல படுக்கணும். கதவோட மேல் நுனியில உன் வாசப்படியத் தச்சுரு. கதவு தொறந்தா வாசப்படி பூமியில கெடக்கும். அதத் தாண்டி, கதவு மேலயே ஏறி உள்ள போவேன்."

"மூடுனா?" என்றார் ஆசாரி. "மூடுனா வாசப்படி தலைக்கு மேலல்ல போயிரும்?"

"மூடுன வீட்டுல ஆரு நொழையப் போறா?"

ஆசாரி யோசித்தார். ரொம்ப யோசித்தார். பிறகு பைக்குள்ளிருந்து உளியை எடுத்தார். எனக்கு அன்றைக்கே உடம்பு லேசாகச் சிலிர்த்தது. ஒன்பது வருஷம் ஒரு அறைக்குள் கிடந்தவள் மூளையில் இந்தக் கதவு எங்கே இருந்தது?

ஏறுவது ஒரு மாதிரி தீர்ந்தது. கதவின் மேல் குறுக்கே சாணுக்கு ஒரு சட்டம் அடிக்கச் சொன்னாள், கை ஊன்றி ஊன்றி ஏற. பழைய வண்டிச் சக்கரத்து ஆரக்கால்களை இழைத்து ஆசாரி அடித்துக் கொடுத்தார். ஆனால் சாத்துவது? ஆறடிக் கதவு தெருவில் கிடக்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கிற, நிற்க முடியாத ஒரு பொம்பளை அதைத் தூக்கி நிறுத்தவேண்டும். நான் மோட்டார்க்காரன் மூளையோடு பல்சக்கரம், கைப்பிடி என்று அளந்தேன். மதுரையில்தான் கிடைக்கும் என்றேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கோம்பையில நம்ம கெணத்துக் கமலை உருள ரெண்டும் என்னாச்சு?" என்றாள்.

அக்காவின் சித்தப்பா அந்தக் கிணற்றுக்கு ஆயில் என்ஜின் வைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. உருளைகள் மாட்டுக் கொட்டத்தில் கிடந்தன. பெரிய உருளையும் சின்ன உருளையும் நான் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தேன். பெரியதை நிலையின் தலையில் உள்பக்கம் மாட்டினோம். சின்னதைக் கொஞ்சம் தள்ளிக் கூரையில் மாட்டினோம். கதவின் இரண்டு ஓரத்திலிருந்தும் கயிறு வந்து ஒன்றாகி, இரண்டு உருளை மேலும் ஏறி, பஸ்ஸுக்குள் தொங்கியது. தொங்குகிற நுனியில் ஒரு ஊஞ்சல் பலகை. கட்டிலிலிருந்து அக்கா அந்தப் பலகைக்கு மாறி உட்காருவாள். அவள் கனத்தில் பலகை கீழே இறங்கும். கதவு மேலே வரும். கமலைக் கயிற்றில் உட்கார்ந்து சால் இழுத்தாளே, அதே காரியம். சாலுக்குப் பதில் கதவு.

சொல்லும்போது சுலபம். செய்யும்போது மானம் போயிற்று.

அவளை வெளியிலிருந்து ஏற்றிப் பார்க்க அவள் சம்மதிக்கவில்லை. எல்லாம் முடிந்தால்தான் தெருவில் இறங்குவேன் என்றுவிட்டாள். அதனால் பஸ்ஸின் பின்பக்கத்தை வீட்டுப் படிக்கு ஒட்டி நிறுத்தி, இடைவெளியில் ஒரு பலகை போட்டோம். அவள் அதன் வழியாக நகர்ந்து உள்ளே போவாள். பிறகு நான் பஸ்ஸை முன்னால் நகர்த்த, கதவைத் தெருவில் சரித்துப் பரீட்சை பார்ப்போம். முதல் தடவை கயிற்றைக் கதவின் நுனியில் கட்டியிருந்தோம். அக்கா பலகையில் உட்கார்ந்தாள். கதவு கம்பீரமாக எழும்பியது. வாசப்படி என் இடுப்புக்கு வந்தது. அதற்குள் பலகை தளத்தில் தட்டிவிட்டது. இழுக்கக் கயிறு இல்லை. கதவு யாசகம் கேட்கிற கை மாதிரி பாதியில் நின்றது.

இரண்டாவது தடவை கயிற்றைக் கீலுக்குப் பக்கத்தில் மாற்றிக் கட்டினோம். இனிக் கயிறு போதும். ஆனால் கதவு அசையவில்லை. பலகையில் உட்கார்ந்த அக்கா அந்தரத்தில் மெதுவாக ஆடினாள், இப்படியும் அப்படியும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சனியன் பிடித்த சிரிப்பு! அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது. மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே தலையை நீட்டி, "கஸ்தூரி, விட்டுரு. வெளிய நின்னு நானே சாத்திக்கிறேன். அதுல என்ன கொறச்சலு?" என்றார்.

அக்கா ஆடிக்கொண்டே கூரையில் உருளையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"கனம் பத்தலைலே. எனக்கே பத்தலை பாரு. ரெண்டு பேரு சேந்து தூக்குன கனம் எங்க போச்சுன்னு தெரியல."

அதைக் கேட்டபின் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது.

"கதவு எளைக்கணும்" என்றாள்.

அடுத்த பத்து நாள் அவள் அந்தக் கதவை இளைக்கவைத்தாள். தேக்குப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னாள். ஆசாரி ஒவ்வொன்றுக்கும் முனகினார். சட்டம் மட்டும் மிஞ்சியது. அதன் இரண்டு பக்கத்துக்கும் மலையடி மூங்கிலைப் பிளந்து தட்டி பின்னி வைத்துக் கட்டினார்கள். மூங்கில் ஆளைத் தாங்கும், ஆனால் கனக்காது. இரண்டு தட்டிக்கும் நடுவில் வைப்பதற்குப் பழைய ஏலக்காய்ச் சாக்குக்குள் இலவம்பஞ்சை அடைத்து, கதவளவுக்கு ஒரே தலையணையாக அக்காவே தைத்தாள். ரோட்டுப் புழுதியும் மலைக்குளிரும் உள்ளே வராது, கதவு கடகடக்காது. விளிம்பு முழுக்கச் சைக்கிள் ட்யூபை வெட்டி ஆணி அடித்தோம். சாரல் புகாது. பழைய ஏர்க்கொழுவை வளைத்து ஒரு கொக்கி. கதவு நிலையில் வந்து முட்டியதும் தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும். கொக்கியைத் தூக்க ஒரு நூல்கயிறு. அந்தக் கயிறு கதவில் ஒரு துளை வழியாக வெளியே வந்து, உட்கார்ந்தவளுக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கும். வெளியிலிருந்தும் அவளே திறக்கலாம். நுனியில் பிடித்து இழுக்க ஒரு சோழி கட்டினாள். காசு கொடுத்து வாங்கியது ஆணி மட்டும். மீதியெல்லாம் வீட்டிலும் கொட்டத்திலும் கிடந்தவை.

துளை போடும்போது அவள் ஆசாரியிடம், "இன்னும் பெருசா, சோழி உள்ள வர்ற அளவுக்கு" என்றாள்.

"எதுக்கு? பூச்சி பொட்டு வந்துரும்க்கா" என்றேன்.

"வரட்டும்" என்றாள்.

பரீட்சை பார்க்க வேண்டாம் என்றுவிட்டாள். தண்ணீர் திறக்க மூன்று நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பஸ்ஸை வீட்டிலிருந்து இருபதடி தள்ளி, தெரு நடுவில் நிறுத்தச் சொன்னாள். கதவை நாங்களே வெளியிலிருந்து தள்ளிச் சாத்தியிருந்தோம். சோழி வெளியே தொங்கியது. அவள் உள்ளிருந்து சாத்துவது இந்த மூங்கில் கதவோடு ஒருதடவைகூட நடந்ததில்லை. கதவு எழும்பாவிட்டால் தெரு நடுவில், ஊர் முன்னால், அவள் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருப்பாள். அப்புறம் பஸ்ஸில் வைக்கோல்தான். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பிரேக் பிடிக்காத வண்டியில்கூட எனக்கு அப்படி வேர்த்ததில்லை.

செய்தி எப்படியோ பரவி ஊரே வந்துவிட்டது. ஓரமாக நின்றார்கள். கம்பத்துக் கல்யாணத்தில் வாயைவிட்ட பங்காளியும் வந்திருந்தான்.

அக்கா வீட்டு வாசப்படியில் கையை ஊன்றினாள். தாண்டினாள். படி இறங்கினாள். தெருவில் உட்கார்ந்தாள். புதுச் சேலை புழுதியில் புரண்டது. ஊன்றினாள், நகர்ந்தாள். ஊன்றினாள், நகர்ந்தாள். பின்பக்கமாக நகர்கிறவள் ஆனதால் அவள் முகம் எங்களைப் பார்த்தே இருந்தது. அதனால் எங்களுக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மாமாவின் கை தானாக முன்னால் நீண்டது. ஆசாரி அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

பஸ்ஸுக்குப் பக்கத்தில் போய், சற்று விலகி உட்கார்ந்து, சோழியை இழுத்தாள். கொக்கி தூக்கிக்கொண்டது. உள்ளே தொங்கிய ஊஞ்சல் பலகை மேலே ஏற ஏற, கதவு மெதுவாகச் சரிந்து தெருவில் படுத்தது. மஞ்சள் பூசிய வாசப்படி புழுதியைத் தொட்டது. அக்கா அதைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தாண்டினாள். ஒரு சட்டம். இன்னொரு சட்டம். தோள் நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. நடுவில் ஒருதடவை நின்று மூச்சு வாங்கினாள். மறுபடி ஊன்றினாள். கடைசிச் சட்டத்தில் உடம்பைத் தூக்கி உள்ளே வைத்தபோது, கூட்டத்தில் ஒரு பொம்பளை "ஆத்தாடி" என்றாள், அவ்வளவு மெதுவாக.

கட்டிலில் ஏறினாள். கட்டிலிலிருந்து பலகைக்கு மாறினாள். கயிறு விறைத்தது. உருளை ஒருதடவை கிறீச்சிட்டது.

கதவு அசைந்தது.

எழும்பியது! ஒரு சாண், ஒரு முழம், ஒரு ஆள் உயரம். உள்ளே அக்கா நிதானமாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்தாள். வெளியே ஆறடிக் கதவு நிதானமாக மேலே போய்க்கொண்டே இருந்தது. அவள் முகம் எங்களுக்குப் பாதி தெரிந்தது, பிறகு கண் மட்டும் தெரிந்தது. கமலைச் சரிவில் இறங்குகிற அந்தக் கோம்பைப் பெண்ணேதான். ஒன்றரை மூடை நெல் என்றானே, அந்தக் கனம்! எல்லோரும் தூக்கித் தூக்கி அலுத்த அந்தக் கனத்தையே எடுத்து அவள் ஒரு கதவைத் தூக்கினாள். டக் என்று கொக்கி விழுந்தது. வாசப்படி எங்கள் தலைக்கு மேல் போய் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. பங்காளி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

பின்னால் அந்த வண்டியில் நாங்கள் எங்கெங்கோ போனோம். மலைத்தண்ணீர் விழுகிற இடத்தில் அவள் வண்டிக் கதவைத் திறந்துபோட்டு அதன் மேலேயே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனபோது இரண்டு ஜோடி மாட்டைக் கட்டி வீரபாண்டித் திருவிழாவுக்கு இழுத்துப் போனோம். அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. எனக்குப் பெரிதாகத் தோன்றுவது கதவு சாத்தியதற்கு அடுத்த நிமிஷம்.

ஊர் ஆரவாரம் செய்தது. மாமா துள்ளிக்கொண்டு கதவுக்கு ஓடினார். உள்ளே போய் அவளைப் பார்க்கவேண்டும் அவருக்கு. சோழிக்குக் கையை நீட்டினார். அவர் கை தொடுவதற்குள் சோழி நகர்ந்தது. நூல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பொந்துக்குள் எலியின் வால் போவதுபோல, சோழி துளைக்குள் நுழைந்து மறைந்துவிட்டது.

மாமா கதவைத் தட்டினார். சத்தமே வரவில்லை. அத்தனை இலவம்பஞ்சு. இன்னும் பலமாகத் தட்டினார். பிறகு சுற்றிலும் நிற்கிற ஊரைப் பார்த்தார். துளைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "கஸ்தூரி" என்றார்.

"ஆரு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமாவும் சிரித்தார். "நாந்தேன்" என்றார்.

"நாந்தேன்னா?"

"ஒன் வீட்டுக்காரன்."

"செத்த இருங்க. சேலையெல்லாம் புழுதி. மாத்திக்கிட்டுத் தொறக்குறேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. எட்டாத தாழ்ப்பாளும், அவசரமாக இழுத்துவிட்ட சேலைத் தலைப்பும், பெரிதாகப் போட்ட துளையும். நானும்தானே அந்த அறைக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தவன். பதினோரு வருஷமாக அவளுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்ததில்லை. மாமாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். சிரிப்பு அவர் முகத்திலிருந்து மெல்லப் போயிற்று. ஒரு அடி பின்னால் நகர்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், பெரிய மனுஷர் வீட்டு வாசலில் நிற்பவர்போல. கூட்டமும் அடங்கியது. ஊரே தெருவில் நின்று, ஒரு பொம்பளை சேலை மாற்றுவதற்காகக் காத்திருந்தது. அவள் அவசரப்படவே இல்லை.

உருளை கிறீச்சிட்டது. கதவு சரிந்து வந்து, வாசப்படி பூமியைத் தொட்டது. உள்ளே அக்கா வேறு சேலை உடுத்தி, தலைவாரி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மாமா செருப்பைக் கழற்றினார். வலது காலை எடுத்து வாசப்படிக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

"வாங்க" என்றாள் அக்கா.